நாலு கட்டத்தில் ஒரு திருடன்

தேவகுமாரி டீச்சரின் கதைகளில் யாரும் சாவதில்லை. மாத நாவல் எழுதுகிற மற்றவர்கள் அட்டையிலேயே ஒரு பிணத்தைக் கிடத்திக்கொண்டிருந்த எண்பதுகளில், இவள் கதைகளில் காணாமல் போனதெல்லாம் கல்யாணப் பட்டு, பந்தயச் சேவல், மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய ரோஜாத் தொட்டி, இப்படித்தான். கண்டுபிடிப்பவள் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பூரணத்தம்மாள். காலைக் காப்பியோடு ஒரு குறுக்கெழுத்துப் புதிரை எடுத்துக்கொண்டு உட்காருவாள். கடைசிக் கட்டம் நிரம்பும்போது திருடன் யாரென்று அவளுக்குப் பிடிபட்டிருக்கும். அந்தப் புதிர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். பென்சிலும் பொறுமையும் உள்ள வாசகர் கடைசி அத்தியாயத்துக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடலாம்.

ஏற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். மஞ்சக்குட்டையில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏனென்று கேட்டவர்களுக்குக் காரணம் சொன்னதும் இல்லை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் கழுவியதும் தாளை எடுத்துக் கட்டம் போட உட்கார்ந்துவிடுவாள். கதை பிறகுதான். கட்டம் சரியாக விழுந்துவிட்டால் கதை தானே வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவள் நம்பிக்கை.

அந்த வருஷம் தவக்காலத்தில் ஊர் மாதா கோயிலின் மணி காணாமல் போனது. கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காப்பித் தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட சிறு கட்டடம். வாசலில் இரண்டு கல்தூண்கள், அவற்றின் நடுவே குடம் அளவுக்கு ஒரு வெண்கல மணி. ஒருநாள் விடிந்து பார்த்தால் தூண்கள் நின்றன, கயிறு கிடந்தது, மணியைக் காணோம். ஊரே தேடியது. அடிவாரத்துப் பழைய இரும்புக் கடைகள்வரை ஆள் போய் விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஜனங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பூசைக்கு வரப் பழகிக்கொண்டார்கள்.

தேவகுமாரிக்கு அடுத்த நாவலுக்கு விஷயம் கிடைத்தது. ஊர்ப் பெயரை மாற்றினாள், மணியைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். திருடன் தோட்டத்து மேஸ்திரி என்று முடிவும் செய்துவிட்டாள். கட்டம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நெடுக்கில் ‘சேர்வராயன்’ என்று இறக்கியிருந்தாள். மலையின் பெயர், மலைமேல் இருக்கிற சாமியின் பெயர், அதை எடுக்க அவளுக்கு மனமில்லை. அதன் இரண்டாம் எழுத்து ‘ர்’. குறுக்கே வரும் நாலெழுத்துத் திருடனின் கடைசி எழுத்தும் அதுவாகவே இருந்தாக வேண்டும். மேஸ்திரியோ ‘ரி’யில் முடிந்தான். ஒரு சாயங்காலம் முழுக்க அழித்து அழித்து எழுதிப் பார்த்தாள். கடைசியில் மேஸ்திரியைத் தூக்கிவிட்டு ‘ரைட்டர்’ என்று போட்டாள். நாலு எழுத்தும் கச்சிதமாக உட்கார்ந்தன. ‘தோட்டத்தில் கணக்கு எழுதுபவர்’ என்று குறிப்பு எழுதினாள். பிறகு மேஸ்திரி வந்த இடங்களிலெல்லாம் ரைட்டரை வரவழைத்துக் கதையை முடித்துச் சேலத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். நிஜத்தில் யாரையும் அவள் நினைக்கவில்லை. எழுத்தைத்தான் நினைத்தாள்.

ஆடி மாதத்தில் புத்தகம் வந்தது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மாரியப்பன் கடையில் கயிற்றில் தொங்கியது. அந்த வாரக் கடைசியில் மஞ்சக்குட்டைக்கு வரும் ஜீப்பில் தேவகுமாரி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பாவாயி அவள் முழங்கையைத் தொட்டாள். பாவாயி மாதா கோயிலைச் சேர்ந்தவள் அல்ல. ராகியும் கொய்யாவும் விளைவிக்கிற மலைக்காரக் குடும்பம். ஆனால் ஊர்ச் செய்தி எதுவும் அவளைத் தாண்டிப் போகாது.

“ஏனுங்க டீச்சர், உங்க புஸ்தகத்துல மணியை எடுத்தவன் ரைட்டர்னு வந்துதாமா?”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“டீக்கடையில எல்லாருமாச் சேந்து கட்டத்தை ரொப்புனாங்களாம். நொம்ப நாளாத் தெரிஞ்சிருக்கும், டீச்சரு நாசூக்கா சொல்லிப்புட்டாங்கன்னு பேசிக்கறாங்க.”

“அது கதைங்க.”

“கதைதானுங்க,” என்றாள் பாவாயி, நம்பாத குரலில். “நம்மூர்ல ஒரே ஒரு ரைட்டருதானுங்களே.”

தேவகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒரே ரைட்டர். பெயர் ஞானசுந்தரம். கோயிலை ஒட்டிய எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். கோயில் சாவி அவரிடம்தான் இருக்கும். விடிகாலையில் கதவைத் திறப்பதும் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பஸ் கவிழ்ந்ததில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு அதிர்ந்து யாரிடமும் பேசாதவர். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயங்கள். கட்டம் போடும்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

ஜீப்பை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே டீக்கடைக்குப் போனாள். அங்கே இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை. புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்து, சேர்வராயனையும் மேஸ்திரியையும் விரல் வைத்துக் காட்டி விளக்கினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அவள் முடித்ததும் ஒருவர், “அப்படித்தானுங்க சொல்லோணும். எழுதறவங்க வெளிப்படையாச் சொல்ல முடியுங்களா?” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரமெல்லாம் அவளுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தரம் போட்டாள். பள்ளி விட்டதும் மாரியப்பன் கடைக்குப் போய்த் தன் நாவலில் மீதியிருந்த பிரதிகளையெல்லாம் வாங்கிக்கொண்டாள். மாரியப்பன் சந்தோஷத்தோடு, “நல்லா ஓடுதுங்க டீச்சர், நாளைக்கே இன்னொரு கட்டு வருது,” என்றார். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றபோது அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது. மழை விடாமல் தூறியது. பஸ் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை.

செய்தி நின்றபாடில்லை. காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும்போது பின்வரிசையில் யாரோ நாக்கால் ‘டிங் டிங்’ என்று ஒலி எழுப்பினார்களாம். ஞானசுந்தரம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டாராம். வெள்ளிக்கிழமை, கோயில் காரியங்களைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் அவரிடமிருந்து கோயில் சாவியை வாங்கிக்கொண்டார். வரும் ஞாயிறு பூசைக்கு ஏற்காட்டிலிருந்து வரும் பங்குச் சாமியாரே விசாரிக்கப் போவதாகவும் பேச்சு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தேவகுமாரி ரைட்டர் வீட்டுக்குப் போனாள். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றாள். என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கூட்டிக் கூட்டிக் கலைத்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஞானசுந்தரம் அடுப்படியில் குந்தி உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் அவர் மனைவி அற்புதம், போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க டீச்சர். உக்காருங்க,” என்றார் ஞானசுந்தரம். குரலில் கோபம் இல்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேனுங்க. நான் யாரையும் நினைச்சு எழுதல. எழுத்து ஒத்து வரலைன்னு...”

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்து, அவள் இரண்டு வாய் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு திரும்பி வந்து தேவகுமாரிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

தேவகுமாரிக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

“நான் எதையும் கண்டுபிடிக்கலைங்க,” என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். அவள் சொன்னது நிஜம் என்பது மெல்ல அவருக்குள் இறங்கியது. ஒரு மாதிரியாகச் சிரித்தார். “அப்ப நானே வாயை விட்டுட்டேனா,” என்றார். அதன்பின் மறைக்கவில்லை.

மகன் அடக்கத்தன்று அந்த மணியை வெகுநேரம் அடித்தார்கள். அன்றிலிருந்து அற்புதத்துக்கு மணிச் சத்தம் கேட்டால் போதும், பையன் பஸ்ஸில் வந்துவிட்டான் என்று எழுந்து ரோட்டுக்கு ஓடுவாள். ஒரு நாளில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் ஜெப மணி. மூன்று வேளையும் ஓடினாள். வளைவில் லாரிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். மழையில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் வேலையை விட்டுவிட்டு எத்தனை நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்?

“உபதேசியார்கிட்டக் கேட்டேனுங்க. கொஞ்ச நாளைக்கு மணி வேண்டாமுங்கன்னு. ஒரு ஆளுக்காக மாதா மணியை நிறுத்த முடியுமா, ஊட்டைப் பூட்டி வெச்சுக்கங்கன்னுட்டாரு. பூட்டியும் பாத்தேனுங்க. கதவுல தலையை மோதிக்கிட்டா.”

“அதனால...”

“ஒரு நாள் விடியறப்பக் கழட்டிட்டேன். காப்பிக் குடோன்ல சாக்குக்கு அடியில இருக்குது. துணி சுத்தி வெச்சிருக்கேன். அடிபடல.”

கட்டிலிலிருந்து அற்புதம் கேட்டாள்: “பஸ்ஸு வந்துருச்சுங்களா?”

“இல்லை கண்ணு. இன்னும் நேரமிருக்குது. கஞ்சியைக் குடி,” என்றார் ஞானசுந்தரம். அவள் தலையாட்டிவிட்டுக் குடித்தாள்.

தேவகுமாரி எழுந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க,” என்றாள்.

“சொல்ல வேண்டாமுங்க. ஆனா எனக்காகப் பொய்யும் சொல்லிராதீங்க. சாமியார் முன்னாடி நிக்கப் போறீங்க.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள். பொய்யாகப் பழி போட்டுவிட்டோம் என்று ஒரு வாரமாகக் குமைந்தவளுக்கு, பழி பொய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூரணத்தம்மாள் இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டிருப்பாள். திருடன் தலை குனிந்திருப்பான். ஊர் கைதட்டியிருக்கும். எத்தனை நாவலில் அப்படி எழுதியிருக்கிறோம், அந்தத் தலை குனிந்த ஆள் அப்புறம் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லையே என்று நினைத்தாள். சோறு வடிக்க மறந்தாள். நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். போகாவிட்டால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் யாரும் கலையவில்லை. கடைசி வரிசையில் ஞானசுந்தரம் அற்புதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பாய் காலியாக இருந்தது. சாமியார் உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். அதிகம் பேசாத, காது கூர்மையான மனிதர்.

“டீச்சர், உங்க கதையால ஒரு குடும்பம் சங்கடப்படுது. நீங்க என்ன தெரிஞ்சு எழுதினீங்க?”

தேவகுமாரி எழுந்து நின்றாள். “எழுதும்போது எனக்கு எதுவும் தெரியாதுங்க சாமி,” என்று தொடங்கி, கட்டத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ‘ர்’ மேல் இருக்கிற புள்ளிக்கும் ‘ரி’ மேல் இருக்கிற சுழிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மேஸ்திரி போய் ரைட்டர் வந்தார் என்றாள். இந்த முறை கொஞ்சம் பேர் நம்பினார்கள்போல இருந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் உட்காரப் போனாள்.

“எழுதும்போது தெரியாதுன்னு சொன்னீங்க,” என்றார் சாமியார். “இப்போ தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

“தெரியுமுங்க சாமி. ஆனா நான் சொல்ல மாட்டேன்.”

சலசலப்பு எழுந்தது. எல்லாத் தலையும் பின்வரிசைப் பக்கம் திரும்பியது. காப்பாற்ற வந்தவளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. உபதேசியார் எழுந்து, “இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து செல்வமேரி பேசினாள். கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரி. யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப்போல மெதுவாகச் சொன்னாள்.

“அற்புதக்கா இப்பல்லாம் ரோட்டுக்கு வர்றதில்லீங்க.”

யாருக்கும் உடனே பிடிபடவில்லை.

“முந்தி மணியடிச்சா ஓடி வருவாங்க. வளைவு வரைக்கும் போய் நானே எத்தனையோ தடவை கூட்டிட்டு வந்திருக்கேன். தவக்காலத்துல இருந்து வர்றதில்லை. ஒடம்பு தேறிருச்சுன்னு நெனச்சேன்.” அவள் நிறுத்தினாள். “மணி நின்னதாலயா?”

பெண்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முகமாக மாறுவதைத் தேவகுமாரி நின்றபடியே பார்த்தாள்.

ஞானசுந்தரம் மனைவியின் கையை மெல்ல விடுவித்துவிட்டு எழுந்தார்.

“மணி எங்கிட்டத்தான் இருக்குதுங்க சாமி. நான்தான் எடுத்தேன். டீச்சரம்மா மேல ஒரு தப்பும் இல்லை. கேட்டுப் பாத்தேன், நடக்கல. வேற வழி எனக்குத் தெரியல.”

“யார்கிட்டக் கேட்டீங்க?” என்றார் சாமியார்.

ஞானசுந்தரம் மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். உபதேசியார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். “என்கிட்டக் கேட்டாருங்க,” என்று அவரே சொன்னார்.

பேச்சு மத்தியானம்வரை போனது. கோயில் சொத்தில் கை வைத்தவனைச் சும்மா விடுவதா என்று சிலர் கேட்டார்கள். நம்ம வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று சிலர் கேட்டார்கள். ஓடி ஓடிக் கால் பெயர்ந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டு எல்லோரும்தானே மணியடித்தோம் என்று செல்வமேரி சொன்னாள். கடைசியில் சாமியார் தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார். மணி திரும்பவும் ஏறும். தினப்படி ஜெபத்துக்கு அடிக்க வேண்டாம். ஞாயிறு பூசைக்கு மட்டும் அடிக்கலாம்.

“ஞாயித்துக்கெழமை இவளை என்னங்க பண்றது?” என்று ஞானசுந்தரம் கேட்டார்.

“நான் கூட்டிட்டுப் போறேனுங்க,” என்றாள் தேவகுமாரி. யோசித்துச் சொன்னதில்லை. “மணியடிக்கிற நேரத்துக்கு கரடியூர்ப் பக்கம் போயிட்டு வந்துர்றோம்.”

“உங்களுக்குப் பூசை?”

“சாயங்காலம் ஏற்காட்டுக்கு வந்துர்றேனுங்க சாமி.”

மறுநாள் சாக்கை விலக்கி மணியை எடுத்து வந்து தூக்கிக் கட்டினார்கள். உபதேசியாரே ஏணியில் ஏறித் திருகு முடுக்கினார். ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கோயில் சாவி ஞானசுந்தரத்திடம் திரும்பி வரவில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. பெயர் கூப்பிடும்போது எழுந்த ‘டிங் டிங்’ சத்தம் மட்டும் அப்புறம் வரவில்லை. தேவகுமாரியின் நாவல், அதற்கு முன் அவள் எழுதிய எதுவும் விற்காத அளவுக்கு விற்றது. இதே மாதிரி நிஜ விஷயமாகப் பார்த்து இன்னொன்று கொடுங்கள் என்று சேலத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். அடுத்த மாதத்துக்கு அவள் எதுவும் அனுப்பவில்லை. தாளில் கட்டம் போட்டாள், கறுப்பும் வெள்ளையுமாக அழகாகத்தான் வந்தது. ஆள் பெயர் எழுதுகிற இடம் வந்ததும் எழுந்து போய் வாசலில் நின்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அற்புதத்துக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, தலைக்குத் துண்டு கட்டிவிட்டு, கரடியூர் ஜீப்பில் ஏற்றினாள். அற்புதம் பிள்ளைமாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மலை விளிம்பில் பாறைமேல் உட்கார வைத்ததும், தேவகுமாரி பையிலிருந்து பேரிக்காய் எடுத்துக் கொடுத்தாள். கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அது விலகுகிற இடங்களில் சமவெளியும் ரோடும் தெரிந்து தெரிந்து மறைந்தன.

“நீங்க யாருங்க?” என்றாள் அற்புதம்.

“டீச்சருங்க. உங்க ஊட்டுக்குப் பக்கத்துலதான்.”

“பசங்க எத்தனை?”

“இல்லீங்க.”

அற்புதம் அதை ஏற்றுக்கொண்டாள்போல. பேரிக்காயைக் கடித்து, “இன்னும் பழுக்கல,” என்றாள். ஆனாலும் தின்றாள்.

தேவகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். இத்தனை தூரத்துக்கு எந்தச் சத்தமும் வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து காற்று வீசியது. புல் சரசரத்தது. எங்கோ ஒரு மாடு கழுத்தை ஆட்டியது, அதன் சின்னக் கழுத்துமணி ஒலித்தது. அவள் திடுக்கிட்டு அற்புதத்தைப் பார்த்தாள். அற்புதம் பேரிக்காயை மென்றுகொண்டிருந்தாள்.

இருப்புக் கொள்ளாமல் தேவகுமாரி எழுந்து, காற்று வருகிற பக்கத்தை மறைத்தாற்போல் போய் நின்றுகொண்டாள்.

“ஏனுங்க,” என்றாள் அற்புதம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ரோடு தெரிய மாட்டேங்குது.”